போட்டோவைச் சின்னதாக்கினால், பெரிதாக்கினால் தரம் என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழைப்பிதழ், விழா மலர், ஃபிளெக்ஸ் பேனர் என்று அச்சுக்குப் போகும் வேலைகளை வடிவமைப்பது என் தொழில். படம் கொண்டுவருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பல வருடங்களாக ஒன்றேபோல இருக்கின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதிலைச் சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னது இன்னொன்றுக்குத் தேவைப்பட்டால், அங்கே போய்ப் பாருங்கள் என்று குறித்திருக்கிறேன்.

"ரீசைஸ் பண்ணா கிளாரிட்டி போகுமா, போகாதா? நேரா சொல்லுங்க."

போகும். ஆனால் சின்னதாக்கும்போது போகிற விதம் வேறு, பெரிதாக்கும்போது போகிற விதம் வேறு. சின்னதாக்கினால் படத்தில் இருந்த விவரத்தில் ஒரு பகுதி தூக்கி எறியப்படுகிறது. மிஞ்சுகிற படம் அந்தச் சின்ன அளவில் அருமையாகவே இருக்கும். பெரிதாக்கினால் இல்லாத விவரத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. படம் பெரிதாகிறது, விவரம் கூடுவதில்லை.

டிஜிட்டல் படம் என்பது வரிசை வரிசையாக அடுக்கிய நிறக் கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு பிக்சல். 12 மெகாபிக்சல் கேமரா தருகிற படம் பெரும்பாலும் 4000 × 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல். ரீசைஸ் என்றால் இந்த எண்ணிக்கையை மாற்றுவது, அவ்வளவுதான். படம் எடுத்த நொடியில் எவ்வளவு பதிவானதோ அதுதான் உங்கள் கையிருப்பு. கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இதுதான் அடித்தளம்.

"சின்னதாக்கினா படம் இன்னும் பளிச்சுனுதானே தெரியுது? அப்ப குவாலிட்டி எங்க போச்சு?"

4000 × 3000 படத்தை 1000 × 750 ஆக்கினால், 16 பிக்சல் இருந்த இடத்தில் 1 பிக்சல்தான் இருக்கும். அந்த 16இன் நிறங்களையும் கலந்து சராசரியாக ஒரு நிறம் வைக்கப்படுகிறது. இரவில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள் இந்தச் சராசரியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். லேசாகக் கை ஆடியிருந்தால் அதுவும் தெரியாது. அதனால்தான் படம் முன்பைவிடத் தெளிவாகத் தோன்றுகிறது.

போனது என்ன என்றால் ஜரிகையின் இழை, கண்ணிமை முடி, பின்னால் நிற்பவரின் சட்டைப் பொத்தான். உங்களுக்கு 1000 பிக்சல் படம் மட்டுமே வேண்டும் என்றால் இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்தச் சின்னப் படத்தை மறுபடி 4000 ஆக்கும்போதுதான் தெரியவரும். ஒரு சராசரியை வைத்துக்கொண்டு, அது எந்த 16 எண்களிலிருந்து வந்தது என்று யாராலும் திருப்பிச் சொல்ல முடியாது. ஆகவே சின்னதாக்கிய படத்தை எப்போதும் வேறு பெயரில் சேமியுங்கள். மூலப் படத்தின் மேலேயே சேமித்தால் அது திரும்பாது.

"பெருசாக்கினா சில படம் கட்டம் கட்டமா உடையுது, சில படம் மங்கலா ஆகுது. ஏன் ரெண்டு விதம்?"

புதிதாக வரும் பிக்சலுக்கு எந்த நிறம் கொடுப்பது என்று முடிவு செய்ய மென்பொருளுக்குப் பல வழிகள் உண்டு. பக்கத்தில் இருக்கும் ஒரு பிக்சலை அப்படியே நகலெடுப்பது ஒரு வழி. அப்படிச் செய்தால் ஒரு கட்டம் நான்காகவோ ஒன்பதாகவோ பெருகி, ஓரங்கள் படிக்கட்டு மாதிரி தெரியும். பிக்சல் உடையுது என்று நாம் சொல்வது இதைத்தான். சுற்றியுள்ள பிக்சல்களைக் கலந்து இடைப்பட்ட நிறம் போடுவது இன்னொரு வழி. இதில் படிக்கட்டு வராது. ஆனால் கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சட்டென்று மாற வேண்டிய ஓரம் சாம்பலாக இழுபடும். அது மங்கலாகத் தெரியும்.

இரண்டிலும் விவரத்தின் அளவு ஒன்றுதான். வேறு வழி முறைகளைப் பற்றிப் பின்னால் தனிக் கேள்வி இருக்கிறது.

"போன்ல சூப்பரா இருக்கு. பிரிண்ட் போட்டா ஏன் இப்படி வருது?"

போன் திரை பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம்தான். அதில் 4000 பிக்சல் படத்தைத் திறந்தாலும் 1080க்குச் சுருக்கித்தான் காட்டும். வெறும் 1200 பிக்சல் படத்தைத் திறந்தாலும் அப்படித்தான். இரண்டும் ஒரே மாதிரி பளிச்சென்று தெரியும். ஆகவே போன் திரையை வைத்து அச்சுக்குத் தகுதி சொல்ல முடியாது.

கணினியில் திறந்து 100 சதவீதம் என்ற காட்சி அளவில் பாருங்கள். படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் நிலை அது. அங்கே முகம் தெளிவாக இருந்தால்தான் உண்மையில் தெளிவு.

"வாட்ஸ்அப்ல அனுப்பினா ரீசைஸ் ஆயிடுமா? நான் ஒண்ணுமே பண்ணலையே."

ஆகும். நீங்கள் செய்யாவிட்டாலும் செயலி செய்துவிடுகிறது. சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குக் குறைக்கப்பட்டு, அதற்கு மேல் ஜேபிஜி சுருக்கமும், அதாவது கோப்பு இடம் குறைய நுண்விவரத்தை விட்டுவிடும் சேமிப்பு முறையும், நடக்கிறது. 2023இல் வந்த எச்டி தேர்வைப் போட்டால் இழப்பு குறையும், இல்லாமல் போகாது. முழுதாக வர வேண்டும் என்றால் டாக்குமெண்ட் என்று இணைத்து அனுப்புங்கள். அல்லது மின்னஞ்சல், கூகுள் டிரைவ் இணைப்பு, பென்டிரைவ் எதுவானாலும் சரி.

1600 × 1200 என்பது ஒன்றுக்கும் உதவாத படம் இல்லை. 6 அங்குலம் அகலமுள்ள போட்டோவாக அச்சிட்டால் அங்குலத்துக்கு 266 பிக்சல் கிடைக்கிறது, அது போதும். ஏ4 தாள் முழுக்கப் போட்டால் 137தான். கையில் வைத்துப் பார்க்கிற அழைப்பிதழுக்கு அது குறைவு. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் சேமித்து, அவர் வேறு செயலி வழியாக மூன்றாமவருக்கு அனுப்பி வந்து சேரும் படத்தில்தான் முகம் மெழுகுபோல ஆகியிருக்கும். முதலில் படம் எடுத்தவரிடமே கேட்டு வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

"ரெண்டு விரல்ல ஜூம் பண்ணித்தான் எடுத்தேன். அதுவும் ரீசைஸா?"

பெரும்பாலும் ஆமாம். தனி ஜூம் லென்ஸ் இல்லாத போனில், படத்தின் நடுப்பகுதியை வெட்டியெடுத்துப் பெரிதாக்குவதுதான் டிஜிட்டல் ஜூம். நாலு அடி முன்னால் நடந்து எடுங்கள். முடியாத இடத்தில் ஜூம் இல்லாமல் எடுத்துவிட்டு, அப்புறம் நிதானமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

"ஆன்லைன் ஃபார்ம்ல 50 கேபிக்குள்ள கேக்கறாங்க. குறைச்சா மூஞ்சியே தெரியல."

இங்கே இரண்டு வேறு அளவுகள் குழம்பிப்போகின்றன. படத்தின் அளவு என்பது எத்தனை பிக்சல் என்பது. கோப்பின் அளவு என்பது அதைச் சேமிக்க எத்தனை கேபி ஆகிறது என்பது. உதாரணமாக ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம் 200 × 230 பிக்சல், 20 கேபி முதல் 50 கேபி வரை என்று கேட்கிறார்கள். பலர் 4000 × 3000 படத்தை அதே பிக்சலோடு வைத்துக்கொண்டு, ஜேபிஜியாகச் சேமிக்கும்போது கேட்கும் தர எண்ணை மட்டும் அடியோடு குறைத்து 50 கேபிக்குள் திணிக்கிறார்கள். 1 கோடியே 20 லட்சம் பிக்சலை 50 ஆயிரம் பைட்டில் அடைத்தால் ஒரு பைட்டுக்கு 240 பிக்சல். முகம் எப்படித் தெரியும்?

வரிசையை மாற்றுங்கள். முதலில் முகமும் தோளும் வரும்படி அந்த விகிதத்தில் வெட்டுங்கள். அடுத்து 200 × 230க்குச் சுருக்குங்கள். கடைசியில் ஜேபிஜியாகச் சேமிக்கும்போது தரத்தை உயர்வாகவே வையுங்கள். மொத்தமே 46 ஆயிரம் பிக்சல். 50 கேபியில் பிக்சலுக்கு ஒரு பைட்டுக்கு மேல் கிடைக்கிறது, தாராளம். சில சமயம் கோப்பு 20 கேபிக்கும் கீழே போய்விட்டது என்று விண்ணப்பம் மறுக்கும். அப்போது தர எண்ணை இன்னும் ஏற்றினால் போதும். கையெழுத்துப் படத்துக்கும் இதே முறைதான்.

"72 டிபிஐல இருக்கு, 300 டிபிஐயா மாத்திட்டேன். இப்ப பிரிண்டுக்கு ஓகேவா?"

பெரும்பாலும் எதுவுமே மாறியிருக்காது. டிபிஐ என்பது கோப்புக்குள் எழுதிவைத்த ஒரு குறிப்பு: இந்தப் பிக்சல்களை அங்குலத்துக்கு எத்தனை வீதம் அடுக்கி அச்சிடு என்று. 1200 × 1800 பிக்சல் படம் 72 என்று குறித்திருந்தாலும் 300 என்று குறித்திருந்தாலும் அதே 1200 × 1800தான். ஃபோட்டோஷாப்பில் ரீசாம்பிள் என்ற பெட்டியில் டிக் இல்லாமல் மாற்றினால் இந்தக் குறிப்பு மட்டும் மாறும், படத்துக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. டிக் போட்டு மாற்றினால் பிக்சல்கள் பெருக்கப்படும். அது பெரிதாக்கல்; மூன்றாவது கேள்வியில் சொன்ன மங்கல் வந்து சேரும்.

கேட்க வேண்டியது டிபிஐ எத்தனை என்பதை அல்ல. எத்தனை பிக்சல், எத்தனை அங்குலத்தில் அச்சிடப் போகிறோம் என்பதைத்தான். 4 × 6 அங்குலப் போட்டோவுக்கு 1200 × 1800, ஏ4 தாளுக்கு 2480 × 3508 இருந்தால் அங்குலத்துக்கு 300 கிடைக்கும். இதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலே வீட்டில் மாட்டும் படத்துக்கு நன்றாக வரும்.

"அப்ப பத்தடி ஃபிளெக்ஸுக்கு 300 டிபிஐ கணக்குப் போட்டா 36,000 பிக்சல் வருதே? அந்த மாதிரி கேமராவே இல்லையே!"

தேவையே இல்லை. 300 என்பது கையில் வைத்து, ஓரடி தூரத்தில் பார்க்கிற அச்சுக்கான எண். நல்ல பார்வை உள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அதிலிருந்து வருகிற கணக்கு எளிது: 3440ஐ, பார்க்கிற தூரத்தால் வகுக்க வேண்டும், தூரம் அங்குலத்தில். 12 அங்குலத்துக்கு 287 வருகிறது. 300 என்ற பழக்கம் இதை ஒட்டியதுதான். பத்தடி, அதாவது 120 அங்குலம் தள்ளி நின்றால் 29 போதும். ஐம்பதடி தள்ளிச் சாலையில் போகிறவருக்கு 6 போதும்.

உங்கள் 4000 பிக்சல் படத்தைப் பத்தடி அகலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 33. பத்தடி தள்ளி நிற்பவருக்கு இது முழுத் தெளிவு. வாட்ஸ்அப்பில் வந்த 1600 பிக்சல் படம் 13 தருகிறது. இருபத்திரண்டு அடிக்கு அப்பால் நிற்பவருக்கு அதுவும் நன்றாகவே தெரியும், மேடைக்குப் பின்னால் கட்டினால் முன்வரிசைக்கு மட்டும் கொஞ்சம் மங்கும். மண்டப வாசலில் ஆட்கள் தோளோடு தோள் நின்று செல்ஃபி எடுக்கிற பேனர் என்றால் கதை வேறு. அதை மூன்றடியிலிருந்து பார்ப்பார்கள். அங்கே நல்ல மூலப் படம் இல்லாமல் முகத்தைப் பெரிதாகப் போடாதீர்கள்.

"வேர்டுல படத்தோட மூலையப் புடிச்சு இழுத்துச் சின்னதாக்கினேன். அதுல போயிடுச்சா?"

இழுத்ததில் போகவில்லை. வேர்ட், கோரல்டிரா, இன்டிசைன் எல்லாமே படத்தைச் சின்னதாகக் காட்டுமே தவிர, உள்ளே பிக்சல்களை அப்படியே வைத்திருக்கும். ஆனால் வேர்ட் சேமிக்கும்போது படங்களை அங்குலத்துக்கு 220 பிக்சல் என்ற அளவுக்குக் குறைக்கும் ஓர் அமைப்பு உண்டு. ஆகவே படங்களை வேர்டில் ஒட்டி அனுப்புவதைவிடத் தனிக் கோப்பாக அனுப்புவது நல்லது. பிடிஎஃப் ஆக்கும்போதும் இப்படிக் குறையலாம்.

"ஃபோட்டோஷாப்ல பைலீனியர், பைகூபிக்னு லிஸ்ட் வருது. ஜிம்ப்ல வேற பேரு. எதப் போடறது?"

பைலீனியர் சுற்றியுள்ள 4 பிக்சல்களைப் பார்த்து நிறத்தை முடிவு செய்கிறது. வேகம் அதிகம், ஓரங்கள் மெத்தென்று ஆகிவிடும். பைகூபிக் 16 பிக்சல்களைப் பார்க்கிறது. ஓரம் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் கணக்கில் கொள்வதால் தெளிவு கூடுதல். லான்சோஸ் என்பது ஹங்கேரியக் கணித அறிஞர் கொர்னேலியஸ் லான்சோஸின் பெயரால் வந்தது. வழக்கமான வடிவத்தில் அது 36 பிக்சல்களைப் பார்க்கிறது, விவரத்தை நன்றாகக் காக்கிறது. ஆனால் கறுப்பு எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் விழ வைக்கும். பைகூபிக்கிலும் இது கொஞ்சம் உண்டு.

என் வழக்கம்: முகம், இயற்கைக் காட்சி எதுவானாலும் சின்னதாக்க லான்சோஸ் அல்லது பைகூபிக் ஷார்ப்பர். பெரிதாக்க பைகூபிக் ஸ்மூத்தர். பக்கத்துப் பிக்சலை நகலெடுக்கும் நியரஸ்ட் நெய்பர் போட்டோவுக்கு ஒருபோதும் வேண்டாம். அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது, க்யூஆர் கேள்வியில் சொல்கிறேன்.

"பட்டுப் புடவைல இல்லாத வளைவு வளைவான கோடு, சின்னதாக்கினதும் வந்துடுச்சு. இது என்ன?"

மோரே என்பார்கள். நெருக்கமான கோடு, சின்னக் கட்டம், கொசுவலை, கம்பிக் கதவு, ஓட்டுக்கூரை எல்லாவற்றிலும் வரும். ஒரு கோட்டையும் அதன் இடைவெளியையும் தனித்தனியாகக் காட்டக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். சுருக்கும்போது அதற்கும் குறைவாகிவிட்டால், சில இடத்தில் கோடு விழும், சில இடத்தில் இடைவெளி விழும். இரண்டும் சேர்ந்து இல்லாத அகலமான அலையை உண்டாக்கும். புடவையில் அந்த நெசவே இல்லை, கணக்கில் பிறந்தது அது.

முதலில் 100 சதவீதத்தில் பாருங்கள். 33, 66 போன்ற காட்சி அளவில் மட்டும் தெரிந்தால் அது திரையின் சுருக்கத்தால் வந்தது, கோப்பில் இல்லை. கோப்பிலேயே இருந்தால், மூலப் படத்துக்குத் திரும்பி, புடவைப் பகுதிக்கு மட்டும் லேசான மங்கலைக் கொடுத்துவிட்டு மறுபடி சுருக்குங்கள். நல்ல மென்பொருள்கள் சுருக்கும் முன் தாமே இப்படி மங்கலாக்கிக்கொள்ளும். இலவசச் செயலிகள் பல அதைச் செய்வதில்லை.

"கல்யாணப் பத்திரிகையோட படத்த சின்னதாக்கினா எழுத்துல புள்ளியெல்லாம் காணாமப் போகுது. முகம் மட்டும் நல்லாத்தான் இருக்கு."

தமிழில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கடுமையானது. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் மிகச் சின்ன உறுப்பு. சுருக்கத்தில் முதலில் பலியாவது அதுதான். அப்புறம் ண, ன இரண்டின் சுழிகள் ஒன்றாகின்றன, கி எது கீ எது என்று தெரியாமல் போகிறது. முகம் பாதி மங்கினாலும் நம் மூளை சரிசெய்து பார்த்துக்கொள்ளும். பெயரில் ஒரு புள்ளி போனால் பெயரே தவறு. எழுத்தின் உயரம் 20 பிக்சலுக்குக் கீழே போகாமல் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து என்றால் இன்னொரு தொல்லையும் சேரும். ஜேபிஜி பொதுவாக வெளிச்சத்தைப் பிக்சல்தோறும் வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று குறைத்துவிடும். சிவப்பும் மஞ்சளும் எல்லைக்கோட்டில் ஒன்றுக்குள் ஒன்று வழியும். எழுத்து நிறைந்த படத்தை பிஎன்ஜியாகச் சேமியுங்கள். அதில் இந்த இழப்பு இல்லை. அதைவிட நல்லது, வடிவமைத்தவரிடமே வேண்டிய அளவில் புதிதாக எடுத்துத் தரச் சொல்வது.

"கடை க்யூஆர் கோடைப் பெருசாக்கி ஒட்டணும். மங்கலா வருது, ஸ்கேன் ஆகுமா?"

பல சமயம் ஆகும், க்யூஆரில் பிழை திருத்தம் உள்ளேயே இருக்கிறது. மிக உயர்ந்த நிலையில் சுமார் 30 சதவீதம் கெட்டாலும் படிக்கும். ஆனால் பணம் வாங்கும் கோடில் அதை நம்பியிருக்க வேண்டாம். நியரஸ்ட் நெய்பர் முறையில், சரியாக 3 மடங்கு, 4 மடங்கு என்று முழு எண்ணில் பெரிதாக்குங்கள். கட்டங்கள் கூராகவே இருக்கும். சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் விடுங்கள், அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் இருக்கட்டும். மென்பொருள் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கவும் இதே முறை நல்லது.

"ஒரே படத்த நாலஞ்சு தடவ ரீசைஸ் பண்ணி, ஒவ்வொரு தடவையும் ஜேபிஜில சேவ் பண்ணினா என்ன ஆகும்?"

ஒவ்வொரு முறையும் இரண்டு இழப்பு. ஒன்று ரீசைஸால், இன்னொன்று சேமிப்பால். 1992இல் வந்த ஜேபிஜி தரநிலை, படத்தை 8 × 8 பிக்சல் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்விவரத்தை நீக்குகிறது. இதன் இதயமான கணித முறையை 1974இல் வெளியிட்டவர்களில் முதன்மையானவர், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. மாற்றம் ஏதும் செய்யாமல் அதே தரத்தில் மறுபடி சேமித்தால் புது இழப்பு மிகக் குறைவு, ஏனென்றால் அதே தொகுதிகளில் அதே கணக்கு. ரீசைஸ் செய்ததும் தொகுதிகளின் எல்லை நகர்ந்துவிடுகிறது. பழைய எல்லைக்கோடுகள் புதிய தொகுதிக்குள் விவரம் போல உட்கார்ந்துகொள்ளும். அவற்றின் மேல் மறுபடி சுருக்கம். நாலாவது தடவையில் கன்னத்தில் கட்டம் தெரிவது இதனால்தான்.

வேலை நடக்கும்வரை பிஎஸ்டி, டிஃப், பிஎன்ஜி போன்ற இழப்பில்லாத வடிவில் வையுங்கள். எத்தனை அளவு வேண்டுமோ, ஒவ்வொன்றையும் மூலப் படத்திலிருந்தே தனித்தனியாக ஒரே தாவலில் எடுங்கள். பத்துப் பத்து சதவீதமாக ஏற்றினால் நன்றாக வரும் என்று முன்பு ஒரு நம்பிக்கை இருந்தது. இன்றைய முறைகளில் அதற்கு அவசியம் இல்லை.

"ரீசைஸ் பண்ணினதுக்கு அப்புறம் ஷார்ப்பன் பண்ணணுமா, முன்னாடியே பண்ணணுமா?"

அப்புறம். ஷார்ப்பன் என்பது ஓரங்களின் இரு பக்கமும் வேறுபாட்டைக் கூட்டுவது. அதற்கு எத்தனை பிக்சல் அகலம் என்ற கணக்கு உண்டு. முன்னாடியே செய்தால், சுருக்கும்போது அந்த அகலம் மறைந்துவிடும். பெரிதாக்கும்போது அது வெள்ளை விளிம்பாகப் பருத்துத் தெரியும். கடைசி அளவுக்கு வந்தபின் லேசாகக் கொடுங்கள். பைகூபிக் ஷார்ப்பரில் சுருக்கியிருந்தால் மறுபடி கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"இப்பதான் ஏஐ வந்துடுச்சே. எந்தப் படத்தையும் நாலு மடங்கு கிளியரா பண்ணிடலாமே?"

கிளியராக ஆகும். உண்மையாக ஆகுமா என்பதுதான் கேள்வி. 2014 வாக்கில் நரம்பு வலையமைப்பு கொண்டு பெரிதாக்கும் முறைகள் வரத் தொடங்கின. 2021இல் அடோபியும் தன் மென்பொருளில் சூப்பர் ரெசல்யூஷன் என்று சேர்த்தது. இவை லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து, இப்படி மங்கலாக இருந்தால் உண்மையில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கக் கற்றவை. இலை, கல், துணி, வானம், ஓரளவு தெளிவான முகம் இவற்றுக்கு அருமையாக வேலை செய்கின்றன. ஃபிளெக்ஸின் பின்னணிக்கு நானும் தயங்காமல் பயன்படுத்துகிறேன்.

எழுத்தும் மிக மங்கலான முகமும் வேறு. மங்கலான தமிழ்ப் பெயர்ப் பலகையைக் கொடுத்தால், எழுத்து மாதிரியே இருக்கும், எழுத்தாக இல்லாத கோடுகளைத் தெளிவாக வரைந்து தருவதை நிறையப் பார்க்கலாம். முகத்தில் நடப்பதற்குப் பலரும் அறிந்த உதாரணம் 2020இல் வந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய பல்ஸ் என்ற கருவியில் ஒபாமாவின் மங்கலாக்கிய படத்தைக் கொடுத்தபோது, ஒரு வெள்ளையரின் தெளிவான முகம் வந்தது. அந்தக் கருவி பழுதாகவில்லை. சின்னதாக்கினால் அதே மங்கலான கட்டங்கள் வருகிற ஒரு முகத்தை அது தேடிக் கொடுத்தது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட முகங்கள் எத்தனையோ உண்டு. இரண்டாவது கேள்வியில் சொன்ன சராசரிக் கணக்கு இங்கேதான் தன் முழு வலிமையோடு வந்து நிற்கிறது. அடையாளச் சான்று, நிலப் பத்திரம், போலீஸ் புகார், மருத்துவப் படம் எதற்கும் ஏஐயால் பெரிதாக்கிய படத்தைக் கொடுக்காதீர்கள்.

"அப்பாவோட ஒரே போட்டோ, கல்யாண குரூப் போட்டோல ஓரமா நிக்கறாரு. நினைவஞ்சலி பேனருக்கு அந்த முகம் வேணும்."

இந்த வேலை வரும்போது நான் முதலில் கணினியைத் தொடுவதில்லை. அந்தக் கல்யாண ஆல்பம் யாரிடம் இருக்கிறது, எடுத்த ஸ்டுடியோ இன்னும் இருக்கிறதா, நெகட்டிவ் கிடைக்குமா என்று கேட்பேன். 35 மிமீ நெகட்டிவை 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 3400 × 2260 பிக்சல் கிடைக்கும். பழைய பிரிண்ட்டை போனில் படம் பிடித்ததைவிட இது எவ்வளவோ மேல். பிரிண்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால் தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐ. பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் 1200 கூடக் கொடுங்கள். ஸ்கேனரின் ஆப்டிகல் அளவுக்கு, அதாவது அது உண்மையில் படிக்கக்கூடிய அளவுக்கு, மேலே காட்டும் 9600 மாதிரியான எண்கள் மென்பொருள் பெரிதாக்கல்தான், புது விவரம் இல்லை.

முகம் 150 பிக்சல் அகலம்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டடி அகலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 6. ஃபிளெக்ஸ் கேள்வியில் போட்ட கணக்குப்படி ஐம்பதடிக்கு இந்தப் பக்கம் மங்கல் தெரியும். முகத்தை ஓரடிக்குள் வைத்து, சுற்றிலும் பூ, சட்டகம், பெயர் என்று பேனரை நிரப்பினால் 25 அடியிலேயே நன்றாகத் தெரியும். பைகூபிக்கில் பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையாக மாற்றி, மேலே மிக மெல்லிய புள்ளித் தூவலைச் சேர்த்தால் கண்ணுக்கு மங்கல் குறைவாகத் தோன்றும். ஏஐயில் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், அச்சுக்கு முன் வீட்டில் மூத்தவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். கண்ணும் உதடும் வேறொருவருடையதாக மாறியிருந்தால் அவர்களுக்குச் சட்டென்று தெரியும். அந்தப் படத்தைத்தான் பேரப்பிள்ளைகள் தாத்தா என்று நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். அந்தப் பொறுப்பு வடிவமைப்பவருக்கும் உண்டு.

"லோகோவ சின்னதாக்கினா சுத்தி வெள்ளையா ஒரு கோடு வருது. பிஎன்ஜிதான், பேக்ரவுண்ட் இல்ல."

பின்னணி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்தப் பிக்சல்களுக்கும் ஒரு நிறம் கோப்பில் எழுதப்பட்டிருக்கும், பெரும்பாலும் வெள்ளை அல்லது கறுப்பு. ஓரத்தில் சராசரி எடுக்கும்போது சில மென்பொருள்கள் அந்த மறைந்த நிறத்தையும் கலந்துவிடுகின்றன. கடைசியில் எந்தப் பின்னணியில் வைக்கப் போகிறீர்களோ அதன்மேல் பெரிய லோகோவை வைத்து, இரண்டையும் சேர்த்தே சுருக்குங்கள்; கோடு வராது.

லோகோவுக்குச் சரியான தீர்வு வெக்டர் கோப்பு. கோரல்டிரா, எஸ்விஜி, இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ (செயற்கை நுண்ணறிவு அல்ல, கோப்பு வடிவத்தின் பெயர்) ஆகிய வடிவங்களில் வரைந்த லோகோவில் பிக்சலே கிடையாது, வளைவுகளின் கணக்கு மட்டுமே இருக்கும். விசிட்டிங் கார்டு அளவிலும் இருபதடி அளவிலும் ஒரே கூர்மை. ஒரு ஜேபிஜியைக் கோரல்டிராவுக்குள் இழுத்துப் போட்டுச் சேமித்தால் அது வெக்டர் ஆகிவிடாது.

"கோயில் திருவிழா நைட்ல எடுத்தேன். சின்னதாக்கினதும் சீரியல் லைட்டெல்லாம் டல்லாயிடுச்சு. என் கண்ணுக்குத்தான் அப்படியா?"

உங்கள் கண் சரி. கோப்பில் இருக்கும் 0 முதல் 255 வரையான எண்கள் ஒளியின் நேரடி அளவு இல்லை. இருட்டுப் பகுதியின் நுணுக்கம் கெடாமல் இருக்க அவை வளைத்து எழுதப்பட்டவை. காமா என்பது இதைத்தான். ஒரு கறுப்புப் பிக்சலையும் ஒரு வெள்ளைப் பிக்சலையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பெரும்பாலான மென்பொருள்கள் 0, 255 இரண்டுக்கும் நடுவே 128 போடும். உண்மையில் அந்த இரண்டின் ஒளியில் பாதி என்பது 188 என்ற எண்ணுக்குரியது. வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. பகல் படத்தில் பக்கத்துப் பிக்சல்கள் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால் தெரியாது. கறுப்பு வானத்தில் ஒற்றைப் பிக்சல் விளக்குகள் என்றால் உடனே தெரியும்.

ஃபோட்டோஷாப்பில் இமேஜ், மோட் போய் 32 பிட்டுக்கு மாற்றி, அங்கே சுருக்கி, மறுபடி 8 பிட்டுக்குக் கொண்டுவந்தால் கணக்கு ஒளியின் அளவில் நடக்கும், விளக்குகள் தம் பிரகாசத்தோடு நிற்கும். திரும்பி வரும்போது கேட்கும் பெட்டியில் எக்ஸ்போஷர் அண்ட் காமா என்பதைத் தேர்ந்து, எண்களை மாற்றாமல் விடுங்கள். ஒன்றிரண்டு படம்தான் என்றால் இவ்வளவு தூரம் போகாமல், சுருக்கியபின் வெளிச்சமான பகுதியை மட்டும் கர்வ்ஸ் என்ற வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் கருவியில் கொஞ்சம் தூக்கினாலே கோபுரம் பழையபடி மின்னும்.